வாசனையில்லாத எண்ணெய்

உங்கள் வண்டிக்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன், தம்பி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று என்னை அழைத்துவர வந்தீர்களே, அப்போது கவனித்தேன். கிளம்பும்போது உங்கள் வண்டி கடகடவென்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுத்தான் அடங்குகிறது. எண்ணெய் மேலே ஏற நேரமெடுக்கிறது. எஞ்சின் போய்விட்டது என்று பட்டறைக்காரன் யாராவது உங்களைப் பயமுறுத்துவான். நம்பாதீர்கள். எண்ணெயை மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

உட்காரச் சொல்லி மறுபடியும் கை காட்டுகிறீர்கள். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது, அதை நிறுத்த முடியவில்லை. நின்றுகொண்டே சொல்கிறேன். இந்த மின்விசிறியைக் குறைக்க முடியுமா? முடியாதென்றால் பரவாயில்லை.

என் பெயர் மகாலிங்கம். வீடு புக்கிட் பெருவாங்கில். மசகெண்ணெய் கலக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மருமகன் குகன் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் ரோகினி மருத்துவமனையில் கிடக்கிறாள். இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். இல்லாததை நான் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே கிளார்க் வேலைக்கு வந்த குடும்பம். எங்களில் பெண்ணுக்கு வீடுதான் சீதனம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துவிடுவார், பெண் எங்கேயும் போக மாட்டாள். அப்படித்தான் என் மனைவி பராசக்தி அவளுடைய அப்பா கொடுத்த வீட்டிலேயே கடைசிவரை இருந்து கண்ணை மூடினாள். நானும் அந்த வீட்டைத்தான் ரோகினியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு புது வண்டியும் கொடுத்தேன். குகனுக்கு இந்த வழக்கம் கடைசிவரை பிடிபடவில்லை. அவர்கள் பக்கத்தில் பெண் வீட்டில் போய்த் தங்குகிறவனை வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்வார்களாம். நண்பர்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவான்.

அவன் டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். அவனுடைய அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி அவனைப் படிக்க வைத்தார். பொறியியல் முடித்து அங்கேயே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் எங்கள் ஆள் இல்லை என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னால் அதைப் பற்றி நான் ஒரே ஒரு தடவைதான் பேசினேன். ரோகினி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு நான் பேசவே இல்லை.

எங்களுக்குள் தகராறு என்று வந்ததெல்லாம் எண்ணெய் விஷயத்தில்தான்.

நீங்கள் படித்தவர், சொன்னால் புரியும். கடையில் வாங்கும் எஞ்சின் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதியெல்லாம் தேய்மானத்தைத் தடுக்கவும் அழுக்கைக் கழுவவும் சேர்க்கிற மருந்துகள். அடிப்படை எண்ணெயை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்றும் பூமிக்கடியிலிருந்து எடுத்ததைச் சுத்திகரித்தவை. மூன்றாம் வகுப்பை ஹைட்ரஜன் செலுத்தி உடைத்து நன்றாகவே செய்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான்காம் வகுப்பு வேறு ஜாதி. ஆலைக்குள்ளேயே ஒரே மாதிரியான மூலக்கூறுகளைக் கோத்துக் கோத்துக் கட்டியது. கலப்பே கிடையாது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், மோந்து பார்த்தால் வாசனை இருக்காது. ஐந்தாவதில் மற்றதெல்லாம் அடங்கும், அது நமக்கு வேண்டாம். இதில் கொடுமை என்னவென்றால், மூன்றாம் வகுப்பையும் முழுச் செயற்கை எண்ணெய் என்று டப்பாவில் அச்சடித்து விற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பட்டம் வாங்கிவிட்டால் எல்லாரும் ஒன்று என்கிற மாதிரி. எண்ணெயைச் சொல்கிறேன்.

குகன் வாங்குவது எப்போதும் மூன்றாம் வகுப்புதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டு டப்பாக்களையும் மேசைமேல் வைத்து அவனுக்கு வித்தியாசத்தை விளக்கினேன். எவ்வளவு குளிரில் உறையும், சூட்டில் எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அவன் எப்போதும் பொறுமையாகத்தான் கேட்பான், அதுதான் எரிச்சல்.

“மாமா, மலாக்காவுல என்ன பனியா கொட்டுது?” என்றான். “உங்க ஆயில் மைனஸ் அறுபதுலயும் உறையாது, ஓகே. நம்ம ஊருக்கு அது எதுக்கு லா? மேனுவல்ல கேட்ட ஸ்பெக் இதுல இருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்காதீங்க மாமா, டெஸ்ட் பாஸ் பண்ணிச்சான்னு பாருங்க.”

ரோகினி சிரித்தாள். குழந்தை ஜனகா, அம்மா சிரிக்கிறாளே என்று தானும் கை தட்டிச் சிரித்தது. பெரிய விஷயமில்லை. அவன் எண்ணெயைப் பற்றித்தான் சொன்னான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டது. துணி காயப்போடும்போதும் கோயிலில் நிற்கும்போதும் கேட்டது.

தண்ணீர் கொஞ்சம் கொடுக்கிறீர்களா? நன்றி.

அவர்கள் பெர்த்துக்குப் போகப்போகிற விஷயத்தை என்னிடம் சொன்னது யார் தெரியுமா? உதிரிபாகக் கடை ஹனீஃப். டுரியான் துங்காலில் அவருடைய கடைக்கு ஒரு வைப்பர் வாங்கப் போயிருந்தேன்.

“என்ன அண்ணே, வீட்டக் குடுக்கப் போறீங்களாமே?” என்று கேட்டார். “மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவுல வேல கெடச்சிருச்சாம்ல? ஏஜென்ட் யாராச்சும் தெரியுமான்னு எங்கிட்ட கேட்டாரு.”

எனக்கு எல்லாம் தெரியும் என்பது போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். வைப்பரை வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரோகினியிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள். “சொல்லணும்னுதான்பா இருந்தோம். எல்லாம் முடிவானதும் சொல்லலாம்னு. நீங்களும் வரலாம்பா, நாங்க போய் செட்டில் ஆனதும்.”

“வீடு?” என்றேன்.

“அது எம்பேர்லதானப்பா இருக்கு.”

கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். உண்மையும்கூட. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மகள் போகாமலிருக்கக் கொடுக்கும் வீட்டை, போவதற்காக விற்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அன்று எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. அதை மறைக்கப் போவதில்லை. காலையில் எழுந்தால் அந்தக் கூடத்தில் குழந்தையின் செருப்புச் சத்தம் இருக்காது. வீடே இருக்காது. வயதானவர்கள் இல்லத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசித் திரையில் பேத்தியைப் பார்ப்பேன். அன்றிலிருந்துதான் எனக்கு உட்கார முடியாமல் போனது. வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். “என்னப்பா ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று ரோகினி கேட்டாள்.

விசா விஷயமாகக் குகன் ஒரு திங்கட்கிழமை கோலாலம்பூரில் இருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தான்.

“மாமா, தூரம் போகணும், வண்டிக்கு மினியாக் ஈத்தாம் மாத்திக் குடுத்துடுறீங்களா? ஆயில் ஹனீஃப் அண்ணன் கடையில வாங்கிட்டேன். நம்ம பழைய சண்டை வேணாம், இதையே ஊத்திடுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த வண்டிக்கு எண்ணெய் மாற்றுவது எப்போதும் நான்தான். நான் கொடுத்த சீதனம், நான் பார்த்துக்கொள்வேன் என்பது வீட்டில் எழுதாத ஏற்பாடு. குகன் ஒரு தடவைகூட அடியில் குனிந்து பார்த்ததில்லை. எண்ணெய் விஷயத்தில் என்னோடு சண்டை போடுவானே தவிர, என் கையில் அவனுக்கு முழு நம்பிக்கை இருந்தது.

சனிக்கிழமை காலை வாசலில் வைத்து மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள், ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. பழைய எண்ணெயை வடித்தேன். ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த மாதிரி டின் ஒன்று பின்கட்டில் இருந்தது. நான்காம் வகுப்பு, இருப்பதிலேயே மெல்லியது, மருந்து எதுவும் சேர்க்காதது. அதை ஊற்றினேன். அளவாகவும் ஊற்றவில்லை. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரியாதபடி ஒரு சின்ன வேலை செய்தேன். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தேநீர் குடித்தேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். வண்டி வழியில் நிற்கும். அன்றைய வேலை கெடும். குகன் வாங்கின எண்ணெயால்தான் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது என்று எல்லாரும் சொல்வார்கள். அவன் என் முன்னால் வந்து, மாமா நீங்க சொன்னது சரிதான் என்று ஒரு தடவை சொல்வான். அதற்குப் பிறகு பெர்த்தைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து பேசலாம். அது ஒரு சோதனை, தம்பி. ஆலையில் நாங்கள் எத்தனையோ எஞ்சின்களை வேண்டுமென்றே ஓடவிட்டுக் கெடுத்திருக்கிறோம். எஞ்சின் நிற்பதால் ஆள் சாவதில்லை.

குகன் வாங்கின எண்ணெய் என்ன ஆயிற்று என்று உங்கள் ஆட்கள் வீடு முழுக்கத் தேடினார்களாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதை என் வண்டிக்கு ஊற்றிக்கொண்டேன். கீழே கொட்ட மனம் வரவில்லை, நல்ல எண்ணெய். வண்டி மெத்தென்று ஓடுகிறது, வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு அது தாராளமாகப் போதும். அது எனக்கு எப்போதுமே தெரியும்.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறின பிறகு கிளம்பினார்கள். குகன் மட்டும் போவதாகத்தான் பேச்சு. ரோகினி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். தூரப் பயணம் என்றால் அவளே வைப்பாள். நான் ஜனகாவைத் தூக்கிக்கொண்டு கேட்டருகில் நின்றேன். அப்போதுதான் ரோகினி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“பாப்பா உங்ககூடதான இருக்கா, நானும் அவரோட போயிட்டு வந்துடறேன்பா. சோறு ஃப்ரிஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்குங்க.”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். போகாதே என்றால் ஏன் என்பாள். வண்டியில் ஏதோ சரியில்லை என்றால் குகன் இறங்கி முன்மூடியைத் திறப்பான். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பான். பார்த்தால் அந்த நிறத்திலேயே தெரிந்துவிடும், முட்டாள் இல்லை அவன். என்னை எப்படிப் பார்ப்பான்? ரோகினி என்னை எப்படிப் பார்ப்பாள்?

“சீட் பெல்ட் போட்டுக்கம்மா” என்றேன்.

போட்டுக்கொண்டாள். அதனால்தான் பிழைத்தாள் என்று டாக்டரே சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. குழந்தை கை ஆட்டியது. நெடுஞ்சாலையில் சிம்பாங் அம்பாட் தாண்டி, வலது ஓரப் பாதையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் பிடித்துக்கொண்டதாம். இடது பக்கம் ஒதுங்க அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்திருக்கிறது. தொலைபேசி வந்தபோது நான் ஜனகாவுக்கு முட்டையும் சோறும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அதன் வாயைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தேன். குழந்தையைப் பாதியில் விட முடியாது அல்லவா.

ஹனீஃபை நீங்கள் பிடித்தது எனக்கு வருத்தம்தான். வாசல் குப்பைத்தொட்டியில் அவருடைய கடை ஸ்டிக்கர் ஒட்டின காலி டப்பாக்களைப் பார்த்துவிட்டுப் போலி எண்ணெய் விற்றார் என்று கொண்டுபோனீர்கள். அவருடைய மகள் ஹானா என் வீட்டுக்கே வந்து அழுதாள். “அங்கிள், நீங்க ஆயில் பத்தித் தெரிஞ்சவங்க. எங்க வாப்பா அப்படிப்பட்டவர் இல்லன்னு நீங்க சொன்னா போலீஸ் கேப்பாங்க அங்கிள்” என்றாள். பார்க்கிறேன் அம்மா என்றேன். அவளுக்குப் பிஸ்கட் கொடுத்தேன், அவள் சாப்பிடவில்லை. நான் பார்க்கத்தான் இருந்தேன். துக்க வீடு, ஒன்றுக்கும் நேரமில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் கௌரவம்தான். பட்டறையில் கிடைக்கிற கழிவெண்ணெயை ஊற்றியிருந்தால் போலி எண்ணெய் என்றே வழக்கு முடிந்திருக்கும். டின்னைத் திறக்கும்போது அது எனக்குத் தோன்றவும் செய்தது. ஆனால் நான் கொடுத்த வண்டி, என் கையால் அதில் அழுக்கை ஊற்ற முடியவில்லை. எஞ்சினின் அடித்தொட்டியில் மிச்சமிருந்ததை நீங்கள் சோதனைக்கு அனுப்பினீர்கள். அங்கே என்னோடு வேலை பார்த்த நகுலன் இருக்கிறான். மருந்துகளில் வருகிற துத்தநாகம் பேருக்குத்தான் இருக்கிறது, கால்சியமும் அப்படியே. பழைய எண்ணெயின் மிச்சம் அது. மற்றதெல்லாம் தெளிந்த, மருந்தில்லாத நான்காம் வகுப்பு. மலாக்காவில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. போலி விற்கிறவன் இவ்வளவு உயர்ந்த சரக்கை ஊற்ற மாட்டான் என்று நகுலன் எழுதியிருப்பான். ஹனீஃபை விட்டுவிட்டீர்கள் அல்லவா? நல்லது. நல்ல மனிதர்.

ஆக, எண்ணெயைப் பற்றி நகுலன் சொல்லிவிட்டான். நீங்கள் நேற்றிலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். குழந்தையின் சீட்டை வண்டியிலிருந்து எப்போது கழற்றினேன் என்று.

சனிக்கிழமை. எண்ணெய் மாற்றி முடித்து, கை கழுவி, தேநீர் குடித்தேன் என்றேனே, அதற்குப் பிறகு. அதில் மைலோ சிந்தியிருந்தது, துவைக்கலாம் என்று எடுத்தேன். ரோகினியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

துவைத்தீர்களா என்கிறீர்கள். இல்லை. பின்கட்டில் வைத்தேன், அப்படியே இருந்தது. எஞ்சின் நிற்கத்தான் போகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று உண்மையாகவே நினைத்தவர் குழந்தையின் சீட்டை மட்டும் ஏன் கழற்றினார் என்கிறீர்கள். அதையும் ஏற்றிக்கொண்டு போய் ஓரத்தில் வெயிலில் நின்றால் குழந்தைக்கு ஆகாது என்றுதான். இந்தப் பதிலை நேற்று முழுக்க எனக்கே சொல்லிப் பார்த்தேன். இரண்டு மூன்று தடவை நன்றாகத்தான் இருந்தது.

சரி. எழுதிக்கொள்ளுங்கள். லாரி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று வரும் என்று தெரிந்துதான் சீட்டைக் கழற்றினேன். குகனை நான் கொன்றேன்.

சீட் விஷயத்தை உங்களிடம் சொன்னது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தச் சீட் கழற்றியிருந்தது என்னையும் குகனையும் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மருத்துவமனையில் நர்ஸ் வாசலிலேயே நின்று, “பேஷண்ட் உங்கள உள்ள விட வேணாம்னு சொல்லிட்டாங்க அங்கிள்” என்று சொன்னபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. வலிக்கு ஏற்றுகிற மருந்து அப்படித்தான் பேச வைக்கும். ஜனகாவைக் குகனின் அம்மா எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்விட்டாராம். குழந்தைக்கு அங்கே இடம் மாறின பயம் இருக்கும், ராத்திரியில் அழும், திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள்.

ரோகினியின் கால்களைப் பற்றி டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. மாடி ஏற முடியாது. அதனால் கீழறையை நான் ஒழித்து வைத்துவிட்டேன், கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். சாவி நீங்கள் வாங்கி வைத்திருக்கிற பையில்தான் இருக்கிறது, அவளிடம் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா?

எது எப்படியோ தம்பி, அவள் பெர்த்துக்குப் போகவில்லை.